தண்ணி விழாத நாட்களின் வீடியோ

ஜூன் 12, வியாழன்

சாரல் தொடங்கிவிட்டது. மாடியில் காயப்போட்ட கூழ்வற்றல் போச்சு. மலைப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை.

கூடவே போன்களும் தொடங்கிவிட்டன. தென்காசியில் குடியிருப்பவர்களின் தலையெழுத்து இது. மதுரைச் சித்தி, விருதுநகர் மைனி, பெயர் மறந்துபோன யாரோ ஒருவர். வருஷம் முழுக்க இருக்கிறாயா செத்தாயா என்று கேட்காத ஜனம், ஜூன் பிறந்தால் ஒரே கேள்வி: "குத்தாலத்துல தண்ணி விழுதா?" சித்தியிடம், "விழுது, நீங்களும் வந்து விழுங்க" என்றேன். சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மத்தியானம் லேப் வகுப்பு முடிந்து மெயில் பார்த்தால், கிளவுட் கம்பெனியிலிருந்து ஒன்று. கணக்கில் உள்ள கார்டு காலாவதி. மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் கணக்கு மூடப்படும், கோப்புகள் அழிக்கப்படும், பிறகு மீட்க முடியாது. எந்தக் கணக்கு என்று முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் மெயிலை முதலிலிருந்து திரும்பப் படித்தேன். நம்ம ஆப்.

'தண்ணி விழுதா'. அதுதான் ஆப்பின் பெயர். நானும் நூர்ஜஹானும் எம்.சி.ஏ. முடித்து வேலை கிடைக்காமல் திரிந்த காலத்தில் செய்தது. நூ. கடையநல்லூர்க்காரி. முதல் பஸ் பிடித்துத் தென்காசி வந்து இறங்குவாள், நான் ஸ்கூட்டரோடு நிற்பேன். நேரே குற்றாலம். அருவிக்கு ஒரு நிமிஷம் வீடியோ எடுப்போம். அதைப் போனிலிருந்தே கிளவுடுக்கு ஏற்றிவிடுவோம். மதுரையிலோ தூத்துக்குடியிலோ ஆப்பைத் திறக்கிறவர்களுக்கு அங்கிருந்து இறங்கும். பார்த்துவிட்டு வேன் பிடிப்பார்கள், அல்லது வீட்டுக் குழாயில் குளித்துக்கொள்வார்கள். போன்காரர்களுக்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து.

அப்புறம் நூ. கல்யாணமாகி சார்ஜா போனாள். ஒரு சீசன் தனியாக ஓட்டினேன். ஆளாளுக்கு அருவி முன்னால் நின்று வீடியோ போட ஆரம்பிக்க, நம்மைத் தேடுவாரில்லை. மூடிவைத்தாயிற்று.

கார்டு யாருடையது? நான் கொடுத்ததில்லை. அப்படியானால் இத்தனை வருஷமும் நூ. கார்டில்தான் போயிருக்கிறது. சொல்லவே இல்லை, சவம்.

பாஸ்வேர்டு நினைவிருந்தது. (இங்கே எழுதமாட்டேன். அதில் ஒரு புரோட்டா உண்டு.) உள்ளே போகிற இடத்தில் இன்னொரு பூட்டு: போனுக்கு வரும் ரகசிய எண். அது நூவின் பழைய ஊர் நம்பருக்குப் போகிறது.

அவளுக்கு எழுதினேன்: "ஏட்டி, நம்ம ஆப் கணக்கை மூடப் போறானாம். உள்ள இருக்கதை எடுக்கணும். கோட் ஒன் நம்பருக்கு வருது." சாயங்காலம் பதில்: "அந்த சிம் உம்மாட்ட இருக்கு. போய் வாங்கிக்க." முடிந்தது. எப்படி இருக்கே, வீட்டில் எப்படி, ஒன்றும் கிடையாது. முன்னெல்லாம் இவள் வாயை மூட ஆள் வைக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

சாரலும் வெயிலும் மாறி மாறி. துணி காயவில்லை. உளுந்து வாங்கணும். குடைக்குக் கம்பி மாற்றணும். இன்டெர்னல் மார்க் ஏற்றணும், எச்.ஓ.டி. இரண்டு தடவை கேட்டாயிற்று.

இவருக்கு மெயின் அருவியில் சீசன் டூட்டி. குளிக்காமலே தினம் நனைந்து வருகிற ஒரே மனுஷன் இந்த ஜில்லாவில் என் வீட்டுக்காரர்தான். போலீஸ் ஏட்டு மாரியப்பன், தலையில் பிளாஸ்டிக் கவர், கழுத்தில் விசில். ஈரக் காக்கி வாடை வீடெல்லாம்.

நூவைக் கூப்பிட்டேன். மணி போனது, கட் செய்தாள். உடனே செய்தி: "பேச முடியாது. எழுது." எத்தனையோ வருஷமாக இதே. கல்யாணமான புதிதில் தினம் பேசுவாள், சார்ஜா வெயிலிலிருந்து மாமியார் மீன்குழம்பு வரைக்கும். பிறகு நின்றது. வாய்ஸ் மெசேஜ்கூடக் கிடையாது. எனக்கும் ரோஷம், கூப்பிடுவதை விட்டேன். பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று இவரிடம் சொல்லிச் சொல்லி, இப்போது நான் வாயைத் திறந்தால் இவரே மீதியை முடிக்கிறார்.

அந்தக் காலைகளின் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. கடைகள் திறந்திருக்காது. வழுக்குப் படி. ராத்திரி முழுக்கக் குளித்தவர்களின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல்லில் சாரல் விழுந்தால் வருமே ஒரு வாடை, அது. வீடியோ எடுத்து முடித்ததும் நூ. துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே, "இட்லியா புரோட்டாவா?" என்பாள். விடியாத வேளையில் எவன் புரோட்டா போடுவான். ஆனாலும் தினம் கேட்பாள். ஸ்கூட்டர் சீட் எப்போதும் ஈரம். எங்களுக்குச் சம்பளம் என்று ஒன்றும் இல்லாத காலம், அதைப்போல ஒரு சந்தோஷம் சம்பளம் வந்த பிறகு இல்லை. இது உண்மை.

நாளை கடையநல்லூர்.

ஜூன் 14, சனி

வெயில். வழியில் இடைகால் ஊரைத் தாண்டினால் சாரல் ஒரு சொட்டு இல்லை. பஸ்ஸில் ஒருத்தர் இன்னொருத்தரிடம்: "குத்தாலத்துல ஒண்ணும் விழலியாம்லே." நேற்று மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன். அந்த வேலையைத்தான் விட்டாயிற்றே.

நூவின் உம்மா வாசலிலேயே, "வாம்மா இசக்கி, மெலிஞ்சிட்டியே" என்றார். பொய். ஆனாலும் நன்றாக இருந்தது.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் இது ஒரு வழக்கம். ஊர் சிம்மை அங்கே கொண்டுபோக மாட்டார்கள். பேங்க், கேஸ், ஆதார் எல்லாவற்றுக்கும் எண் வருமே, அதற்காக ஒரு பட்டன் போனில் போட்டு வீட்டில் விட்டுப் போவார்கள். உம்மாவிடம் மூன்று பட்டன் போன், ஒரு பிஸ்கட் டப்பாவில். மகனுடையதில் பச்சை நூல், மருமகனுடையதில் வெள்ளை நூல், நூவுடையதில் சிவப்பு ரிப்பன். அபுதாபியில் மகன் பணம் அனுப்ப வேண்டுமானால், இங்கே உம்மா கண்ணாடியைத் தேட வேண்டும்.

"அடிக்கட்டா உம்மா?"

"அடி."

லேப்டாப்பில் தட்டினேன். டப்பாவுக்குள் டிங் என்றது. பச்சை நூலை எடுத்தார், அது இல்லை. சிவப்பை எடுத்தார், கண்ணாடி இல்லை. கண்ணாடி வந்தது. "நாலு... ரெண்டு... இது ஒண்ணா ஏழா? வெளிச்சம் அணைஞ்சு போவுதே, இந்த சனியன்ல." நேரம் முடிந்தது என்று திரை சொன்னது.

"நான் பாக்கட்டுமா?" என்று கையை நீட்டினேன். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நீ பாக்கப்பிடாதும்மா. யார்ட்டயும் காட்டாதீங்கன்னு இதுலயே எழுதிருக்கான்." காட்ட மாட்டார். ஆனால் பக்கத்து வீட்டில் கறி அரிகிறவள் எழுதிக்கொள்கிற மாதிரி சத்தமாக வாசிப்பார். இரண்டாம் தடவையும் போச்சு. மூன்றாவதில் உள்ளே போய்விட்டேன். என் நம்பரைப் பூட்டுக்கு மாற்றிக்கொண்டேன். நிம்மதி.

டீ, முறுக்கு. அப்போதுதான் கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம் என்று ஒரு மனசு, இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தோமே என்று ஒரு மனசு.

"அவ ஏன் உம்மா என்ட்ட பேசவே மாட்டேங்கா? போனை எடுத்தா கட் பண்ணுதா."

உம்மா முறுக்கை உடைத்தார். தின்னவில்லை. "ஒனக்கு அவ சொல்லலியா?"

"என்னத்த?"

"கழுத்துல கட்டி இருந்திச்சும்மா. பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்ல ஆபரேஷன் பண்ணினாவ. கட்டி நல்லபடியா போச்சு, அல்லா காப்பாத்துனான். ஆனா கொரலையும் கொண்டு போயிட்டு. ஏதோ நரம்பு அடிபட்டுட்டாம். இப்ப பேசுனா வெறும் காத்துதான் வருது, கூட கரகரன்னு. யார்ட்டயும் சொல்லாதிங்கன்னுட்டா. ஒண்ட்டக் கண்டிப்பா சொல்லாதிங்கன்னா."

"என்ட்ட ஏன்?"

"ஒங்க ரெண்டு வேருக்கும் பேச்சுதான சோலி."

உம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ சத்தம் தெருவுக்கே கேக்குமே, இசக்கி. வாசல்ல நின்னு ஒன்னியக் கூப்பிட்டா பள்ளிவாசல் வரைக்கும் கேக்கும். நான் எத்தனை நாளு வாயை மூடுட்டின்னு ஏசிருக்கேன். பேத்திக்கு அதைக் கேக்கக் குடுத்து வைக்கல. கல்யாண சிடிலயாவது இருக்கும்னு போட்டுப் பாத்தேன். அந்தப் படுபாவி முழுக்கப் பாட்டைப் போட்டு வச்சிருக்கான். பிள்ளை வாயை அசைக்கதுதான் தெரியுது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ட்ட அவ பேசுனது ஏதாவது இருக்காம்மா? அந்த அருவிப் படத்துல?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். டிக்கெட் கேட்ட கண்டக்டர் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய மனுஷியாம். என் வாயில் புழு விழ.

ஜூன் 15, ஞாயிறு

தூறல். சமையல் இல்லை, இவர் வாங்கிவந்த புரோட்டா.

சத்தம் இருக்க வாய்ப்பு உண்டு, நன்றாக யோசித்துப் பார்த்தேன். அருவி இரைச்சல் எதற்கு, டேட்டா தின்கிறது என்று ஆட்கள் புகார் சொன்னார்கள். ஆப்பில் சத்தத்தை அடைத்தது நான். வீடியோவிலிருந்து சத்தத்தை நீக்கினால்தான் முறையாக டேட்டா குறையும். அது பெரிய வேலை. ஆப்பில் மட்டும் ஒலியை அமுக்கிவிட்டு, நீக்கிவிட்டேன் என்று நூவிடம் சொல்லிவிட்டேன். கண்டுபிடிக்க முடியாது. என் சோம்பேறித்தனம் வாழ்க.

உள்ளே போனேன். மொத்தம் ஐந்தே ஐந்து கோப்புகள். மெயின், ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி. அவ்வளவுதான். அப்போது நாங்கள் செய்த ஏற்பாடு அப்படி. தினம் ஒரே பெயரில் ஏற்றுவோம். நேற்றைய மெயின் மேல் இன்றைய மெயின் ஏறி உட்கார்ந்துவிடும். ஆப் ஒரே பெயரைக் கேட்டால் போதும், புதுசு கிடைக்கும். சட்டி ஒன்று, தினம் புதுக் குழம்பு. இருக்கிற ஐந்தும் கடைசி நாளின் குழம்பு. அதாவது நான் தனியாகப் போய் எடுத்தது. திறந்து பார்த்தேன். சத்தம் இருக்கிறது, ஆமாம். என் மூச்சுச் சத்தம். ஒரு தும்மல்.

உம்மாவிடம் என்ன சொல்வேன்.

இவர் தட்டைக் கழுவிக்கொண்டே, "அழிஞ்சது அழிஞ்சதுதான. விடு" என்றார். விடு, விடு. எல்லாவற்றுக்கும் ஒரு விடு. சண்டை போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

சாயங்காலம். காபி போடப் போய்ப் பால் பொங்கிவிட்டது. ஏனென்றால் லேப்டாப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். கணக்கின் ஓரத்தில் மொத்தச் சேமிப்பு என்று போட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஐந்து ஒரு நிமிஷ வீடியோவுக்கு இத்தனை எடையா? ஐந்து கத்தரிக்காய் வாங்கிவிட்டு மூட்டையைத் தூக்க முடியவில்லை என்கிற கதை. எங்கேயோ வேறு என்னவோ இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, மூலையில் ஒரு சின்னக் கட்டம்: பழைய பதிப்புகளையும் காட்டு. தட்டினேன்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. மெயினுக்கு அடியில் மெயின், அதற்கு அடியில் மெயின். நாங்கள் போன அத்தனை காலையும். மேலே புதுசு ஏற ஏறப் பழசு அழியவில்லை, அடியில் போய் இருந்திருக்கிறது. இந்த வசதியைத் தேடி முடுக்கிவிட்டது யார்? நானில்லை. நூவாகத்தான் இருக்க வேண்டும். எதையும் தூர எறிய மாட்டாள். பஸ் டிக்கெட்டைக்கூட மடித்துப் பர்ஸில் வைப்பாள். நான் கேலி செய்வேன்.

அடுப்படியில் நின்று கத்தினேன். இவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

ஜூன் 17, செவ்வாய்

நல்ல சாரல். வீட்டு நெட் ஊர்கிறது. நேற்று முழுக்கப் போராடி கொஞ்சம்தான் இறங்கியது, நடுவில் கரண்ட் வேறு போச்சு. இன்று கல்லூரி லேபில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கினேன். ஒரு காப்பி ஹார்ட் டிஸ்கில், இன்னொரு காப்பி என் பெயரில் புதிதாகத் திறந்த கிளவுட் கணக்கில். எச்.ஓ.டி. எட்டிப்பார்த்து, "மார்க் ஏத்துறியளா மேடம்?" ஆமாம் என்றேன்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது சலிப்பில். நல்ல நாளாகப் பார்த்து எடுத்துப் போட்டேன், சீசன் உச்சம், எங்கள் இருவருக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியாத நாட்கள். போட்டால் ஓவென்று ஒரே இரைச்சல். அருவி, அருவி, அருவி. ஒன்றில் நூவின் முகம் ஒரு கணம் ஓரத்தில் வருகிறது, என்னைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரிக்கிறாள். வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கல்யாண சிடி கதைதான். ஹெட்போன் போட்டு, ஒலியைக் கூட்டி, இரைச்சலை வடிகட்டுகிற ஒரு மென்பொருள் போட்டு, எல்லாம் பார்த்தாயிற்று. காது வலி.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சும்மா, புலம்பல்.

"அது எப்படிக் கேக்கும்? தண்ணி விழுந்தா அங்கன மனுசன் பேச்சு எடுபடுமா? நாங்க எதுக்கு விசில் வச்சிருக்கோம். தண்ணி விழாத அன்னைக்குன்னா கூட்டமும் இருக்காது, சத்தமும் இருக்காது. பாறையோட பாறையா ஒக்காந்து கதை பேசிட்டு வருவோம்."

சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தேன். தண்ணி விழாத அன்றைக்கு. நாங்கள் அந்த நாட்களிலும் போனோமே. விழவில்லை என்று சொல்லவும் ஒரு வீடியோ வேண்டுமே. அவற்றை யார் பார்த்தார்கள். எங்களைத் திட்டி மெசேஜ் போட்டுவிட்டு மூடிவிடுவார்கள்.

ஏட்டு மாரியப்பனுக்கு இன்று ஒரு முட்டை கூடுதல்.

ஜூன் 18, புதன்

லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

முதல் வருஷம் சீசன் பொய்த்தது. ஆனி முழுக்க வெயில். அந்த வருஷத்துக் கோப்புகளைத் தேடிப் போனேன். மெயின் அருவி: கறுப்புப் பாறை, ஓரத்தில் ஒரு கோடு மாதிரி ஈரம். கேமரா ஆடுகிறது. அப்புறம் குரல். எத்தனை தெளிவு! பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி.

"மதுரை, விருதுநகர், கோவில்பட்டி சீமான்களே, சீமாட்டிகளே! குத்தாலத்துல தண்ணி நல்லா விழுது. ஒரு சொம்பை வச்சிட்டு வீட்டுக்குப் போயி, மத்தியானச் சோறு சாப்பிட்டு, ஒறங்கி எந்திரிச்சு வந்தா நிறைஞ்சிரும்!"

"ஏட்டி சும்மா இரு, பதியுது." இது நான். எவ்வளவு கீச்சுக் குரல் எனக்கு.

"பதியட்டும். அதான் சத்தத்தை எடுத்தாச்சுங்கியே."

அப்புறம் சிரிப்பு. நூவின் சிரிப்பு முதலில் மூக்கில் தொடங்கி, பிறகு பாறையில் முட்டித் திரும்ப வருகிறது. நான் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஐந்தருவி: குரங்கு. "ஏலே குடுலே! அது என் டிபன்லே! உள்ள ஒண்ணுமில்லலே, வெறும் உப்புமாலே!" குரங்கு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறது. "பாத்தியா, அதுக்கே பிடிக்கல" என்று என் குரல்.

பழைய குற்றாலம்: நான் படியில் எங்கேயோ கீழே நிற்கிறேன். மேலேயிருந்து என்னைக் கூப்பிடுகிறாள். "இசக்கீ... ஏ இசக்கீ..." கடைசி எழுத்தை இழுத்து இழுத்து, மலைக்கு அந்தப் பக்கம் செங்கோட்டைக்காரனும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. என்னை இப்படிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை. கல்லூரியில் மேடம், வீட்டில் 'இந்தா'. அதைத் திரும்பத் திரும்பப் போட்டேன்.

புலியருவி. இது அவள் கிளம்பிய வருஷம், சீசன் முடிகிற நேரம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். முதலில் அந்தச் சத்தம் மட்டும். பிறகு,

"மாப்பிள்ளை வீட்ல வந்துட்டுப் போனாவ."

"சார்ஜாவா?"

"ம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன்."

"அப்ப ஆப்?"

"நீ இருக்கல்லா. எல்லாம் மேல கிளவுட்லதான கெடக்கு. எங்கன இருந்தாலும் எடுத்துக்கிடலாம். நான் அங்கன இருந்து பாத்துக்கிடுதேன்ட்டி. விட்ற மாட்டேன்."

அவ்வளவுதான், ஒரு நிமிஷம் முடிந்தது. இதை நான் மறந்தே போயிருந்தேன். அவள் மறக்கவில்லை. அதுதான் மாசாமாசம் கார்டில் போயிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

கனத்த மழை. குளிக்கத் தடை, இவர் சீக்கிரம் வந்துவிட்டார்.

வீடியோக்களை உடனே உம்மாவுக்கு அனுப்ப கை பரபரத்தது. அனுப்பவில்லை. நூவின் குரல், முதலில் நூவுக்குத்தான். ஆனால் அவளுக்கும் அனுப்பவில்லை. இரண்டு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன்.

இவர் சொன்னார்: "காலு போனவனுக்கு, அவன் ஓடுன படத்தைக் காட்டுத மாரி ஆயிரப்பிடாது பாத்துக்க." ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகு பயம் வந்தது. மனுஷன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் என் ஆசைக்குத் தோண்டி எடுத்துவிட்டேன். அவளே ஒதுக்கிவைத்து வாழப் பழகிய ஒன்றை நடுவீட்டில் கொண்டுபோய்ப் போடலாமா? பேத்திக்குக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை என்று உம்மா சொன்னதும் காதிலேயே நிற்கிறது.

கடைசியில் இப்படி எழுதினேன்: "நூரு, உம்மா எல்லாம் சொன்னாவ. அவியள ஏசாத, நான்தான் நோண்டிக் கேட்டேன். நம்ம வீடியோல சத்தம் இருக்கு. நீ பேசுனது இருக்கு. வேணும்னா அனுப்புதேன். வேண்டாம்னா எங்கிட்டயே இருக்கட்டும், யாருக்கும் காட்ட மாட்டேன்."

பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

ஜூன் 21, சனி

மழை விட்டது. உளுந்து ஊறப்போட்டு ஆட்டியாயிற்று. மார்க் ஏற்றியாயிற்று. குடை இன்னும் சரிசெய்யவில்லை.

காலையெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தப்புச் செய்துவிட்டேன். ஒரு தடவை இழந்த சிநேகிதத்தை இந்த வயதில் இன்னொரு தடவை இழக்கப்போகிறேன்.

மத்தியானம், ஒரே வார்த்தை: "அனுப்பு."

அனுப்பினேன். சொம்பு, குரங்கு, என்னைக் கூப்பிடுவது. புலியருவியை அனுப்பவில்லை. பிறகு அதையும் அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள். இருட்டும்வரை பதில் இல்லை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் 22, ஞாயிறு

வெயிலோடு சாரல். ராத்திரிக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது டிங். நீளமான செய்தி, நூ. வழக்கத்துக்கு விரோதமாக. அப்படியே எழுதிவைக்கிறேன்:

"நேத்து நான் தனியா குளியலறைல ஒக்காந்து கேட்டேன். எத்தனை தடவைன்னு கேக்காத. இன்னைக்குப் பிள்ளைக்குப் போட்டேன். குரங்குக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. இது யாருன்னு கேட்டா. உம்மாதான்னு சொன்னேன். இல்லைங்கா. சத்தியம் பண்ணினேன், நம்ப மாட்டேங்கா. எங்க உம்மா இப்படிக் கத்த மாட்டாங்க, இது வேற யாரோ ஆன்ட்டிங்கா. அப்புறம் என் கழுத்துல காதை வச்சு, பேசுங்கன்னா. பேசினேன். இதுதான் உம்மான்னுட்டா. போய் விளையாட ஆரம்பிச்சிட்டா. இத்தனை வருசமா பிள்ளைக்கு எதையோ இல்லாம ஆக்கிட்டேன்னு அழுதுட்டு இருந்தவ நான். அவ எதையும் இழக்கல இசக்கி. ஊருக்கு, எங்க உம்மாவுக்கு நானே அனுப்பிட்டேன். தெருவையே கூட்டிட்டாவளாம்."

அடுப்படியில் நின்றே படித்தேன். இட்லி என்ன ஆனது தெரியாது.

அடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நூவிடமிருந்து. போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தட்டவில்லை. இவர் வந்து, "போடு" என்றார். போட்டேன்.

முதலில் காற்று. பிறகு கரகரப்பு, நடுநடுவே எழுத்து விழுங்கிப்போகிறது. ஆனால் பேச்சு அவள் பேச்சுதான்.

"ஏட்டி... கேக்குதா? இதான் இப்ப உள்ள கொரலு. பிள்ளைக்கு இது போதும்னா... ஒனக்கும் இது போதும். ஏழு வருசத்துப் பேச்சு பாக்கி கெடக்கு. கொஞ்ச நேரத்துல கூப்பிடுதேன். நான் மெதுவாத்தான் பேசுவேன்... நீ குறுக்க பேசாம கேளு."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. இவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு